யந்திரத்துக்குக் கண் கொடுத்தது யார்?

(திருப்பூரில், பனியன் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் சுற்றுக் கிராமங்களின் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய உரை)

தோழர்களே!

பகலெல்லாம் உழைத்துவிட்டு, இரவுச் சாப்பாட்டையும் தள்ளி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகையால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

சில வாரங்களுக்கு முன் இரண்டு பேர் நம்மைத் தேடி வந்தார்கள். ஒருவர் பனியன் கம்பெனிக்காரர். கைமடியாக வேலைக்குச் சேர்ந்து, டெய்லராகி, கடன் வாங்கி, இன்று சுமார் 60 பேருக்கு வேலை தருகிறவர். மற்றவர் அதே கம்பெனியில் 18 வருஷமாகத் துணி செக்கிங் செய்கிற சகோதரி. சேர்ந்து வரவில்லை. அவர் காலையில் வந்தார். இந்த அம்மாள் மாலையில் வந்தார்.

அவர் சொன்னார்: "தோழர், துணியில் பழுது கண்டுபிடிக்க ஏ.ஐ. காமிரா போடு, இல்லாவிட்டால் ஆர்டர் பெரிய கம்பெனிக்குப் போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள். போட்டால் கடன் ஏறும். நான் என்ன செய்ய?"

இவர் கேட்டார்: "தோழர், காமிரா வந்தால் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா?"

இரண்டும் ஒரே கேள்விதான். அவர்களுக்குச் சொன்ன பதிலைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

இது என்ன யந்திரம்?

செயற்கை நுண்ணறிவு என்றதும் ஏதோ வானத்திலிருந்து இறங்கிய அறிவு என்று பலர் மலைத்துப் போகிறார்கள். அப்படி ஒன்றுமில்லை. செக்கிங் மேசையையே எடுத்துக்கொள்வோம்.

விளக்குப் போட்ட மேசைமேல் துணி ஓடுகிறது. அந்தச் சகோதரி கண் கொட்டாமல் பார்க்கிறார். ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசிக் கோடு என்று பழுதைப் பிடிக்கிறார். நாலு பாயிண்ட் முறை உங்களில் பலருக்குத் தெரியும். பழுது 3 அங்குலத்துக்குள் இருந்தால் 1 பாயிண்ட், 6 அங்குலம் வரை 2, 9 வரை 3, அதற்கு மேல் 4. 100 சதுர கஜத்துக்கு 40 பாயிண்டைத் தாண்டினால் பொதுவாக அந்த ரோல் தள்ளுபடி.

இந்த வேலையைக் காமிராவுக்கு எப்படிக் கற்றுக்கொடுக்கிறார்கள்? ஆயிரக்கணக்கான துணிப் படங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் "இது ஓட்டை, இது கறை, இது பழுதல்ல, வெறும் பஞ்சுத் தூசு" என்று குறித்துக் கொடுக்கிறார்கள். பார்த்துப் பார்த்து யந்திரம் அந்த அடையாளங்களைப் பிடித்துக்கொள்கிறது. சரி, அப்படிக் குறித்துக் கொடுப்பது யார்? காமிரா விற்கிறவருக்கு ஊசிக் கோடு தெரியுமா? தெரியாது. செக்கிங் தொழிலாளிக்குத்தான் தெரியும். அவருடைய 18 வருஷத்துக் கண்தான் அந்தப் பெட்டிக்குள் போகிறது!

யந்திரத்துக்குப் பலம் உண்டு. பத்தாவது மணி நேரத்திலும் அதற்குக் கண் எரியாது. பலவீனமும் உண்டு. புதுக் கலர், புது நெசவு வந்தால் தடுமாறும். தூசியை ஓட்டை என்று சொல்லித் துணியை நிறுத்தும். பழுது இருக்கிறது என்று சொல்லும். ஏன் வந்தது என்பதை அந்தச் சகோதரிதான் நிட்டிங் பிட்டரிடம் போய், "அந்த மெஷினில் ஊசியை மாற்று" என்று சொல்வார்.

இதே வகை யந்திரம் கடிதமும் எழுதுகிறது. வெளிநாட்டு பையரின் ஆங்கிலக் கடிதத்தைத் தமிழாக்கித் தருகிறது. பதிலும் எழுதித் தருகிறது. சிறு கம்பெனிக்கு இது உண்மையிலேயே உதவி. ஆனால் தெரியாததையும் தெரிந்ததுபோல் அடித்துச் சொல்லும் குணம் அதற்கு உண்டு. கடிதத்தில் ஓர் அளவு மாறினால் லாட் முழுவதும் திரும்பி வரும். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட மனிதன் வேண்டும்.

யார் சிறியவர்?

"சிறு, நடுத்தரத் தொழில்" என்று சர்க்கார் ஒரே கூடையில் போட்டுப் பேசுகிறது. 2025 ஏப்ரல் 1 முதல் உள்ள கணக்கைப் பாருங்கள். ரூ. 2.5 கோடி முதலீடு, ரூ. 10 கோடி விற்றுமுதல் வரை குறுந்தொழில். ரூ. 125 கோடி முதலீடு, ரூ. 500 கோடி விற்றுமுதல் வரை நடுத்தரத் தொழில். நாலு பவர் டேபிள் வைத்திருப்பவரும் 500 கோடிக்காரரும் ஒன்றா? பெரியவர் தவறான யந்திரத்தை வாங்கினால் கணக்கில் எழுதித் தள்ளுவார். சிறியவர் வாங்கினால் வீட்டுப் பத்திரம் போகும்; முதலில் பாக்கி விழுவது தொழிலாளியின் சனிக்கிழமைச் சம்பளம்.

2025 ஆகஸ்டில் அமெரிக்க சர்க்கார் இந்தியச் சரக்குகள்மேல் 50 சதவீத வரி போட்டபோது, அடி எங்கே விழுந்தது என்று இந்த ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகையால் சிறிய கம்பெனி சரியாக யோசித்து யந்திரம் வாங்குவதில் தொழிலாளிக்கும் அக்கறை உண்டு.

கம்பெனிக்காரருக்குச் சொன்னது

முதலாவது: யந்திரத்திலிருந்து தொடங்காதே, நஷ்டத்திலிருந்து தொடங்கு. மூன்று மாதம் ஒரு நோட்டுப் போடு. எந்த மெஷினில் எந்தப் பழுது, எத்தனை கிலோ வீண் என்று எழுது. பாதிப் பழுது ஒரே மெஷினிலிருந்து வருகிறது என்று தெரிந்தால், காமிரா வேண்டாம். அந்த மெஷினை ரிப்பேர் செய்தால் போதும்.

இரண்டாவது: விற்பவர் காட்டும் துணியை நம்பாதே. உன் ரோலை ஓட்டிப் பார். யந்திரமும் தொழிலாளியும் தனித்தனியே பார்க்கட்டும். யந்திரம் விட்டது எத்தனை, பொய்யாக நிறுத்தியது எத்தனை என்று எண்ணு.

மூன்றாவது: விலை மட்டும் கணக்கல்ல. மாத வாடகை, ரிப்பேர், புதுத் துணிக்கு மறுபடி கற்றுக்கொடுக்கும் செலவு, விற்றவர் கடையை மூடினால் என்ன கதி, எல்லாம் கணக்கு.

நாலாவது: உன் துணியின் படங்களும் உன் ஆள் போட்ட குறிகளும் யார் சொத்து? விலகும்போது அவை உன் கைக்கு வருமா? உன் செலவில் கற்ற யந்திரத்தை நாளை பெரிய கம்பெனிக்கு விற்பார்களா? இதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கு.

ஐந்தாவது: தனியாக வாங்காதே. 2011-ல் ஐகோர்ட் உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது என்ன பார்த்தோம்? சாயக் கழிவைச் சுத்தம் செய்ய ஒவ்வொரு பட்டறையும் தனியாக நிலையம் கட்ட முடியவில்லை. பலர் சேர்ந்த பொது நிலையங்களைக் கொண்டுதான் மீண்டும் வேலை நடந்தது. அந்த அனுபவம் இந்த ஊருக்கு உண்டு. பத்துக் கம்பெனி சேர்ந்து ஒரு யந்திரம் வைக்கட்டும். மத்திய சர்க்கார் 2024 மார்ச்சில் செயற்கை நுண்ணறிவுத் திட்டத்துக்கு சுமார் ரூ. 10,372 கோடிக்கு ஒப்புதல் கொடுத்தது. அதில் சிறு தொழிலுக்கும் தொழிலாளர் பயிற்சிக்கும் பங்கு கேளுங்கள்.

ஆறாவது: யந்திரம் வாசலுக்கு வருவதற்கு முன் தொழிலாளர்களோடு உட்கார்ந்து பேசு. வந்த பிறகு பேசுவது பேச்சல்ல, அறிவிப்பு.

பழைய பாடம்

தொழிலாளிக்கு என்ன சொன்னோம்? முதலில் ஒரு பழைய கதையைச் சொன்னோம்.

1955-ல் கான்பூர் துணி ஆலைத் தொழிலாளர்கள் 80 நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள். எதற்கு? ஒரே ஆள் கூடுதல் தறி பார்க்க வேண்டும், மிச்ச ஆள் வெளியே போக வேண்டும் என்ற ரேஷனலிசேஷனை எதிர்த்து. இரண்டு வருஷம் கழித்து, 1957-ல் கூடிய 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு ரேஷனலிசேஷனுக்கு மாதிரி ஒப்பந்தம் ஒன்றை ஏற்றது. வேலையில் இருப்பவரை நீக்கக்கூடாது, வருமானம் குறையக்கூடாது. கிடைக்கும் ஆதாயத்தை சமூகமும் முதலாளியும் தொழிலாளியும் நியாயமாகப் பங்கிட வேண்டும். வேலைப்பளுவை இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நிபுணர் அளக்க வேண்டும்.

1960-களில் கல்கத்தாவில் கம்ப்யூட்டர் நுழைவதை எல்.ஐ.சி. ஊழியர்கள் மறித்து நின்றார்கள். பிற்பாடு கம்ப்யூட்டர் வரவே செய்தது. 1983-ல் வங்கி ஊழியர்கள் யந்திரமயம் பற்றி நிர்வாகங்களோடு ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். எதிர்த்து நிற்கும் பலம் இருந்ததால்தான் உட்கார்ந்து எழுதவும் முடிந்தது.

தாராபுரம் பக்கத்துத் தோழர்களைக் கேளுங்கள். நெல் அறுக்கும் யந்திரம் வயலில் இறங்கியபோது எந்த ஒப்பந்தமும் இல்லை. மணிக்கு இவ்வளவு என்று யந்திரத்துக்கு வாடகை போயிற்று. அறுப்புக் கூலி நின்றது. யந்திரம் கெட்டதா? முதுகு ஒடியக் குனிந்த வேலையை அது எடுத்துக்கொண்டது நல்லதே. வேலையோடு கூலியையும் எடுத்துக்கொண்டதுதான் அநியாயம்.

தொழிலாளிக்குச் சொன்னது

சட்டம் என்ன சொல்கிறது? 1947-ம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டத்துக்குப் பதிலாக, 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்தது. ஆட்குறைப்பை உண்டாக்கக்கூடிய யந்திர மாற்றத்துக்கு 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்ற விதி அதிலும் இருக்கிறது. ஆட்குறைப்பானவருக்கு மறுபயிற்சி நிதியாக 15 நாள் சம்பளம் என்பதும் இருக்கிறது. ஆனால் ஆட்குறைப்புக்கு சர்க்காரின் முன் அனுமதி வாங்க வேண்டிய வரம்பு 100 பேரிலிருந்து 300 பேராக உயர்ந்துவிட்டது. பீஸ் ரேட்டிலும் காண்டிராக்டிலும் வேலை செய்யும் சிறு கம்பெனித் தொழிலாளியிடம் நோட்டீஸ் காகிதம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஆகவே காகிதத்தை மட்டும் நம்பாமல் கூடி நின்று இதைக் கேளுங்கள்:

காமிரா வருகிறது என்பதற்காக ஒருவரையும் அனுப்பக்கூடாது. பீஸ் ரேட்டைக் குறைக்கக்கூடாது.

யந்திரத்துக்குக் கற்றுக்கொடுப்பது திறமை வேலை. அதைச் செய்பவருக்கு அதற்கான கூலி. வெளியிலிருந்து படித்த பையனைக் கொண்டுவருமுன், செக்கிங் பெண்களுக்கே பயிற்சி.

தள்ளுபடி குறைந்து மிச்சமாகும் பணத்தில் பங்கு.

காமிரா துணியைப் பார்க்கட்டும். தொழிலாளியைப் பார்க்க வேண்டாம். யார் எத்தனை நிமிஷம் எழுந்து போனார் என்று எண்ணுவதற்கு அதைத் திருப்பக்கூடாது.

இன்றைய நிலை

இருவரையும் ஒருநாள் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தோம். நோட்டுப் போடுவது என்று முடிவாயிற்று. நோட்டை எழுதுவது அந்தச் சகோதரி. முதல் மாதக் கணக்கிலேயே இரண்டு மெஷின்களில்தான் பழுது அதிகம் என்று தெரிந்து, ஊசி மாற்றினார்கள். காமிராவைச் சோதித்துப் பார்ப்பது அடுத்த கட்டம். ஒருவரையும் அனுப்புவதில்லை என்று கம்பெனிக்காரர் வாயால் சொல்லிவிட்டார். எழுதித் தர இன்னும் யோசிக்கிறார். கற்றுக்கொடுக்கும் வேலைக்குத் தனிக் கூலி என்றதும் இழுக்கிறார். பேச்சு முடியவில்லை.

முடியாததனால்தான் உங்களிடம் சொல்கிறோம். இந்தக் கேள்வி ஒரு கம்பெனியோடு நிற்காது. ஸ்பின்னிங் மில்லில் ஆட்டோகோனர் வந்தபோது கையால் முடிச்சுப் போட்ட விரல்களுக்கு என்ன பங்கு கிடைத்தது என்று மில் தோழர்களுக்குத் தெரியும். கிராமத்துத் தோழர்களே, கம்பெனி வேனில் விடியற்காலையில் ஏறுவது உங்கள் பெண்கள்தான். இன்று இரவே வீட்டில் கேளுங்கள்: "உங்கள் கம்பெனிக்கு என்ன யந்திரம் வருகிறது? அதற்குக் கற்றுக்கொடுப்பது யார்? கூலி என்ன?"

யந்திரம் வரட்டும். கண் கொடுத்தவளுக்குக் கணக்குச் சொல்லிவிட்டு வரட்டும்!