தலைவர் நாற்காலிக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள்?

(பெருங்களத்தூரில் நடந்த ஆலைத் தொழிலாளர் – விவசாயத் தொழிலாளர் அரசியல் வகுப்பில் தோழர் ஒருவர் ஆற்றிய உரை)



ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் சாப்பாட்டுத் தூக்கோடு வந்திருக்கும் தோழர்களைப் பார்க்கிறேன். வண்டலூருக்குத் தெற்கே நடவு முடித்துவிட்டு, காலில் சேறு காய்வதற்குள் ரயிலேறி வந்திருக்கும் தாய்மார்களையும் பார்க்கிறேன். உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

அடுத்த மாதம் உங்கள் சங்கத்துக்குச் செயலாளர் தேர்தல். இரண்டு தோழர்கள் நிற்கிறார்கள். டீக்கடையிலும், ஸ்டேஷன் பெஞ்சிலும், ஏரிக்கரையிலும் இதே பேச்சாக இருக்கிறது. "அவர் நன்றாகப் பேசுவார்" என்கிறார் ஒருவர். "இவர் கைக்காசு போட்டுச் செலவு செய்வார்" என்கிறார் இன்னொருவர். "யாருக்குப் போடலாம், நீங்களே சொல்லுங்கள்" என்று என்னையும் கேட்டார்கள். நான் சொல்லமாட்டேன். அது உங்கள் சங்கம், உங்கள் ஓட்டு. ஆனால் ஒன்று செய்கிறேன். நம்முடைய சென்னை ராஜதானியில் நடந்த ஒரு தலைமைப் போட்டியைச் சொல்லுகிறேன். கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

சீர்திருத்தம் பேசிய கட்சி

1916-ஆம் ஆண்டின் கடைசியில் டாக்டர் டி.எம். நாயர், பிட்டி தியாகராயர், டாக்டர் நடேசனார் ஆகியோர் சேர்ந்து தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தை ஆரம்பித்தார்கள். 'ஜஸ்டிஸ்' என்ற பத்திரிகை நடத்தியதால் ஜனங்கள் அதை ஜஸ்டிஸ் கட்சி, நீதிக்கட்சி என்று அழைத்தார்கள். உத்தியோகத்திலும் படிப்பிலும் பிராமணரல்லாதாருக்கு உரிய பங்கு வேண்டும் என்பது அதன் கோரிக்கை. நியாயமான கோரிக்கை. ஒரு ஜாதியாரே கச்சேரியையும் கல்லூரியையும் நிரப்பிக்கொண்டிருந்த காலம் அது.

அந்தக் கட்சி நல்லது எதுவும் செய்யவில்லை என்று சொன்னால் நாம் பொய்யர்கள் ஆவோம். 1920-ல் பதவிக்கு வந்தது. 1921-ல் வகுப்புவாரி உத்தரவு வந்தது. அதே ஆண்டில் பெண்களுக்குச் சட்டசபை ஓட்டுரிமை கொடுக்கத் தீர்மானம் நிறைவேறியது. கோயில் சொத்துக்களைச் சர்க்கார் கண்காணிக்கச் சட்டம் வந்தது. தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை நகரசபை, ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பகல் உணவு போட்டது. முதல் மந்திரி பதவி தியாகராயரைத் தேடி வந்தது. அவர் வேண்டாம் என்று சொல்லி சுப்பராயலு ரெட்டியாரைக் கைகாட்டினார். பதவியை மறுத்த தலைவரும் அந்தக் கட்சியில் இருந்தார் என்பதை மறக்கக் கூடாது.

ஆனால் தோழர்களே, அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டது யார்? ராஜதானியின் ஜனத்தொகை சுமார் நான்கு கோடி. ஓட்டு இருந்ததோ பன்னிரண்டரை லட்சம் பேருக்கு. நிலவரி, சொத்துவரி கட்டுகிறவனுக்குத்தான் ஓட்டு. மில்லில் நூல் நூற்றவனுக்கும் ஓட்டில்லை, வயலில் நாற்று நட்டவளுக்கும் ஓட்டில்லை. கட்சியின் பணப்பை யாரிடம்? ஜமீன்தார்களிடமும் பெரு வணிகர்களிடமும்.

விதை எதுவோ விளைச்சலும் அதுவே. 1921-ல் பெரம்பூர் பி அண்டு சி மில்லில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. 1918-ல் பிறந்த சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்கு அது வாழ்வா சாவா என்ற போராட்டம். நிர்வாகம், தொழிலாளரை ஜாதியாகப் பிரித்தது. போலீஸ் சுட்டது, தொழிலாளர் உயிர் போயிற்று. போலீஸ் இலாகா வெள்ளைக்காரன் கையில்தான் இருந்தது, உண்மை. ஆனால் நீதிக்கட்சிப் பிரமுகர்கள் என்ன பேசினார்கள்? ஆதிதிராவிடருக்குச் சர்க்கார் சலுகை காட்டியதுதான் தொல்லைக்குக் காரணம் என்று பேசினார்கள். மனம் நொந்த எம்.சி. ராஜா 1923-ல் கட்சியை விட்டே வெளியேறினார். சீர்திருத்தம் பேசிய கட்சியில் கடைசிப் படியில் நின்றவனுக்கு இடம் இல்லாமல் போயிற்று.

தஞ்சாவூரில் நடந்தது

தியாகராயர் 1925-ல் காலமானார். அவருக்குப் பின் தலைவராக இருந்த பனகல் ராஜாவும் 1928-ல் இறந்தார். தலைவர் நாற்காலி காலியாயிற்று. போட்டி ஆரம்பமாயிற்று.

முதலில் வந்தவர் பி. முனுசாமி நாயுடு. திருத்தணிப் பக்கத்து வேளஞ்சேரிக்காரர், சித்தூரில் வக்கீல். ராஜாவும் அல்ல, ஜமீன்தாரும் அல்ல. 1930 அக்டோபரில் முதல் மந்திரியானார். பி.டி. ராஜன், குமாரசாமி ரெட்டியார் இருவரும் அவருடைய சக மந்திரிகள். மூவரில் ஒருவர்கூடப் பெரிய ஜமீன்தார் அல்ல. இதைத்தான் பிரபுக்களால் பொறுக்க முடியவில்லை. "பணம் நம்முடையது, பட்டம் நம்முடையது, மந்திரி சபையில் நம் ஆள் இல்லையா?" என்று கொதித்தார்கள். கட்சிக்குள்ளேயே ஒரு தனிக் கோஷ்டி கட்டினார்கள். அதன் தலைவர்களாக வந்தவர்கள் பொப்பிலி ராஜா, வெங்கடகிரி குமாரராஜா போன்ற மகாப் பிரபுக்கள்.

அது எப்படிப்பட்ட காலம்? உலகம் முழுவதையும் பொருளாதார நெருக்கடி ஆட்டிக்கொண்டிருந்தது. நெல் விலை சரிந்தது. வரி மட்டும் சரியவில்லை. குடியானவன் கடனில் மூழ்கினான், கூலிக்காரன் பட்டினி கிடந்தான். 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. அதை வேடிக்கை பார்த்த நம் பாட்டன்மார் பலருக்கு அதில் ஏற டிக்கெட்டுக்குக் காசு இருந்திருக்காது. நாடு இப்படி இருக்கையில், சீர்திருத்தக் கட்சியின் பிரமுகர்கள் எதற்காகச் சண்டை போட்டார்கள்? வரியைக் குறைக்கவா? கடனை ரத்துச் செய்யவா? இல்லை. யார் நாற்காலியில் உட்காருவது என்பதற்காக!

1932 அக்டோபரில் தஞ்சாவூரில் கட்சி மாநாடு கூடியது. முனுசாமி நாயுடு தலைமை வகிப்பதை எதிர்த்துப் பொப்பிலி ராஜாவின் பெயரைக் கிளப்பினார்கள். கூச்சலும் குழப்பமும் கைகலப்புமாக மாநாடு நாறிப்போயிற்று. சக மந்திரிகள் இருவரும் நாயுடுவைக் கைவிட்டார்கள். நாயுடு ராஜினாமா செய்தார். நவம்பர் 5-ந் தேதி பொப்பிலி ராஜா முதல் மந்திரியானார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று. நாயுடுவைக் கைவிட்ட அதே இரண்டு மந்திரிகள் புதிய சபையிலும் அதே மாதிரி உட்கார்ந்தார்கள். நாயுடு தனிக்கட்சி கட்டி எதிர்வரிசையில் இருந்தார், 1935-ல் இறந்துபோனார்.

முனுசாமி நாயுடுவைப் பாட்டாளிகளின் தலைவர் என்று நான் சொல்ல வரவில்லை. அவரும் அதே குறுகிய ஓட்டில் ஜெயித்தவர்தான். அவர் விழுந்தபோது அவரைத் தாங்கிப் பிடிக்க வெளியே ஜனங்கள் இல்லை, ஏனென்றால் ஜனங்களை அவர் கட்சிக்குள் கொண்டுவரவில்லை. பல்லக்குத் தூக்குகிறவன் தன் பணம் என்று சொன்னால், உள்ளே இருப்பவன் அவன் சொன்ன தெருவுக்குத்தான் போக வேண்டும். இதுதான் இந்தச் சரித்திரத்தின் முதல் பாடம்.

ராஜாவைத் தோற்கடித்தவர்

பிறகு என்ன நடந்தது? பஞ்ச காலத்திலும் மந்திரிகளின் மாதச் சம்பளம் நாலாயிரத்து முந்நூறு ரூபாய்க்கு மேல். 1937-ல் ஓட்டுரிமை கொஞ்சம் விரிவாயிற்று. தேர்தல் வந்தது. சட்டசபையின் 215 இடங்களில் காங்கிரஸ் 159 பிடித்தது. நீதிக்கட்சி நொறுங்கிப்போயிற்று. பொப்பிலி ராஜா தன் சொந்த ஊரான பொப்பிலியிலேயே தோற்றார். அவரைத் தோற்கடித்தவர் யார் தெரியுமா? வி.வி. கிரி. ரயில்வே தொழிலாளர் சங்கத்தில் பாடுபட்டவர். கட்சிக்குள் கோஷ்டி கட்டி ஜெயித்த ராஜா, ஜனங்கள் முன்னால் ஒரு தொழிற்சங்கக்காரரிடம் தோற்றார்!

அதற்குப் பின் சிறிய கட்சியாகிவிட்ட அதற்குத் தலைவராக வர ராஜாக்கள் யாரும் போட்டி போடவில்லை. 1938 டிசம்பரில் ஈ.வெ. ராமசாமிப் பெரியாரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது அவர் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறையில் இருந்தார். அவருடைய உரையை மாநாட்டில் ஏ.டி. பன்னீர்செல்வம் வாசித்தார். கவனியுங்கள். பதவி இருந்தபோது நாற்காலிக்கு அடிதடி. சிறை இருந்தபோது, சிறையில் இருப்பவருக்குத்தான் நாற்காலி.

1944 ஆகஸ்டில் சேலத்தில் அது திராவிடர் கழகமாயிற்று. வெள்ளைக்காரன் கொடுத்த பட்டங்களையும் கௌரவப் பதவிகளையும் துறக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பட்டத்தை விட மனமில்லாதவர்கள் பழைய பெயரோடும் தராசுச் சின்னத்தோடும் தனியே போனார்கள். 1952 தேர்தலில் அவர்களில் பி.டி. ராஜன் ஒருவர்தான் ஜெயித்தார். அத்தோடு கதை முடிந்தது.

காலி நாற்காலியும் தனிக்கடையும்

இன்னும் இரண்டு சம்பவங்களைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். 1949-ல் தி.மு.க. பிறந்தபோது தலைவர் நாற்காலியைப் பெரியாருக்கென்று காலியாக வைத்தார்கள். அண்ணாதுரை பொதுச் செயலாளராகவே இருந்தார். அண்ணா மறைந்த பிறகு, 1969-ல்தான் கருணாநிதி அந்தக் கட்சியின் தலைவரானார். நாற்காலி காலியாக இருந்தபோதும் அந்தக் கட்சி வளர்ந்தது. ஏன்? கிளைகள் ஊருக்கு ஊர் இருந்தன.

அதே கட்சியில் 1961-ல் பெரும் பூசல் வந்தது. ஈ.வெ.கி. சம்பத் வெளியேறி தமிழ் தேசியக் கட்சி கண்டார். கவிஞர் கண்ணதாசனும் கூடப் போனார். நல்ல பேச்சாளர்கள், நல்ல எழுத்தாளர்கள். திராவிட நாடு கோரிக்கை நடக்காது என்று வெளிப்படையாகச் சொல்லும் துணிவும் சம்பத்துக்கு இருந்தது. ஆனால் 1962 தேர்தலில் ஓர் இடமும் கிடைக்கவில்லை. 1964-ல் அந்தக் கட்சி காங்கிரசோடு கலந்துவிட்டது. மேடை இருந்தது, ஆனால் மேடைக்குக் கீழே கிளை இல்லை. பேச்சு மட்டும் ஒரு கட்சியைக் காப்பாற்றாது.

நம்மைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கம்யூனிஸ்டுகளும் 1964-ல் பிரிந்தவர்கள்தான். கொள்கைக்காகப் பிரிந்தோம் என்று இரு தரப்பும் சொன்னோம். ஆனால் ஆலை வாசலில் நின்ற தொழிலாளி, "இரண்டு கொடி, எந்தக் கொடிக்குக் கீழே நிற்பது?" என்று கேட்டானே, அவனுக்கு எத்தனை இடங்களில் நேராகப் பதில் சொன்னோம்? பிறர் முதுகைச் சொல்லும்போது நம் முதுகையும் தடவிப் பார்க்க வேண்டும்.

என் சொந்தத் தவறு

இப்போது என் தவறு ஒன்றைச் சொல்லுகிறேன். எனக்கு இருபத்தைந்து வயது. நான் வேலை செய்த இடத்தில் சங்கத் தேர்தல். ஒருவர் கூட்டத்துக்குப் பந்தல் போட்டார், போண்டா டீ வாங்கிக் கொடுத்தார், நோட்டீஸ் அச்சடித்தார். சந்தா வசூலே வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். எங்களுக்கு மகிழ்ச்சி. கை தட்டி ஜெயிக்க வைத்தோம். நானும் தட்டினேன். எதிரே நின்றவர் மாதம் தவறாமல் சந்தா புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மிஷின் மிஷினாக அலைகிற மனிதர். அவரைக் கண்டாலே நாங்கள் ஒளிவோம்.

ஒரு வருஷம் கழித்து ஆறு ஒப்பந்தத் தொழிலாளரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். செயலாளரைத் தேடினோம். "இப்போது பேசினால் நிலைமை கெடும், பொறுங்கள்" என்றார். பந்தலுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பது அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது. கேள்வி கேட்கலாம் என்றால், எந்த முகத்தோடு கேட்பது? நாங்கள் சந்தா கட்டவில்லையே! அந்த ஆறு பேருக்காக அலைந்தவர், நாங்கள் தோற்கடித்த சந்தா புத்தகத்துக்காரர்தான். ஆறு பேரில் நான்கு பேருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. இரண்டு பேருக்குக் கிடைக்கவில்லை. அந்த இரண்டு பேரை இன்றும் என்னால் நேராகப் பார்த்துப் பேச முடிவதில்லை.

தஞ்சாவூரில் ஜமீன்தார் பணம். எங்கள் சங்கத்தில் பந்தல் பணம். தொகை வேறு, விஷயம் ஒன்றுதான்.

கேளுங்கள்

ஆகவே தோழர்களே, நிற்கிற இருவரையும் ஒரே மேடையில் உட்கார வைத்து நான்கு கேள்விகள் கேளுங்கள்.

ஒன்று: உங்கள் செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? சந்தாவிலிருந்து என்றால் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டு: கடைசிப் படியில் நிற்கிறவர்களுக்காக என்ன செய்தீர்கள்? ஒப்பந்தத் தொழிலாளி, பெருக்குகிற பெண், வயலில் கூலி வேலை செய்கிற தாய் ஆகியோர் சங்கப் புத்தகத்தில் இருக்கிறார்களா? 1921-ல் ஆதிதிராவிடத் தொழிலாளரைத் தள்ளிவிட்டவர்களின் கதி என்ன ஆயிற்று என்று பார்த்தோம்.

மூன்று: தோற்றால் என்ன செய்வீர்கள்? தனிக் கொடி பிடிப்பீர்களா, ஜெயித்தவரோடு சேர்ந்து வேலை செய்வீர்களா?

நான்கு: ஜெயித்தால், உங்களைக் கேள்வி கேட்கவும் வேண்டுமானால் இறக்கவும் எங்களுக்கு என்ன வழி? பொதுக்குழுவை எத்தனை மாதத்துக்கு ஒரு தரம் கூட்டுவீர்கள்?

பதிலை வாயால் சொன்னால் போதாது, மினிட் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அடுத்த வருஷம் அதே புத்தகத்தைத் திறந்து படியுங்கள்.

கடைசியாக, அவர்களைக் கேட்பதற்கு முன் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த மாதச் சந்தா கட்டிவிட்டேனா? சந்தா கட்டினவனின் கேள்விக்குத்தான் கனம் உண்டு. நீதிக்கட்சிக்கு ஜமீன்தார் கட்டினார், ஜமீன்தார் கேட்டார், ஜமீன்தாருக்குக் கிடைத்தது. நம் சங்கத்துக்கு நாம் கட்டுவோம், நாம் கேட்போம்.

சந்தா புத்தகத்தோடு ஒரு தோழர் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். போகும்போது அவரைக் கண்டு ஒளியாதீர்கள். நான் ஒரு தரம் ஒளிந்தேன், அது போதும்.