திருச்சபையின் மதிலுக்குள்ளும் சட்டம் செல்ல வேண்டும்

(கட்சி உறுப்பினர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2018 ஜூன் மாதம் கேரளத்தின் கோட்டயம் மாவட்டம் குறவிலங்காடு காவல்நிலையத்தில் ஓர் அருட்சகோதரி புகார் அளித்தார். ஜலந்தர் மறைமாவட்டத்தின் அன்றைய ஆயர் தம்மைப் பலமுறை பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கினார் என்பது அந்தப் புகார். திருச்சபை அதிகாரிகளிடம் முறையிட்டுப் பயன் காணாத பின்னரே காவல்துறையை நாடியதாக அவர் கூறினார். செப்டம்பரில் சக சகோதரிகள் ஐவர் துறவற உடையுடன் கொச்சி உயர்நீதிமன்றத்தின் அருகே போராட்டப் பந்தலில் அமர்ந்தனர். செப்டம்பர் 21 அன்று ஆயர் கைது செய்யப்பட்டார். 2022 ஜனவரியில் விசாரணை நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யப்பட்டது.

குற்றம் நடந்ததா என்பதை நீதிமன்றங்கள் தீர்மானிக்கும். ஆனால் புகார் கொடுப்பதே ஒரு போராட்டமாக ஏன் மாறியது என்ற கேள்வி சமூகத்திற்குரியது. துறவற சபையில் சேரும் பெண் வறுமைக்கும் கீழ்ப்படிதலுக்கும் வார்த்தைப்பாடு கொடுக்கிறார். ஆசிரியையாகவோ செவிலியராகவோ அவர் ஈட்டும் ஊதியம் சபைக்கே சேர்கிறது. உணவும் உறைவிடமும் முதுமைக் காலப் பராமரிப்பும் சபையின் கையில். வெளியேறினால் சேமிப்பு இல்லை. பல நேரங்களில் பிறந்த வீட்டிலும் இடமில்லை. மௌனத்தின் பொருளாதார அடித்தளம் இதுவே.

குழந்தைகளின் நிலை இதனினும் கடினமானது. கண்ணூர் மாவட்டத்தில் பங்குத்தந்தையாகவும் பள்ளி மேலாளராகவும் இருந்த ஒருவரால் ஒரு சிறுமி கருவுற்று, 2017இல் குழந்தை பெற்றாள். முதலில் குற்றவாளியாகக் காட்டப்பட்டவர் அச்சிறுமியின் தந்தை! நீதிமன்றத்தில் சிறுமியும் தாயும்கூடப் பிறழ்சாட்சிகளாயினர். மரபணுப் பரிசோதனை உண்மையை நிலைநாட்டியது. 2019இல் தலச்சேரி நீதிமன்றம் பாதிரியாருக்கு 20 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. பின்னர் உயர்நீதிமன்றம் அதை 10 ஆண்டாகக் குறைத்தது. ஓர் ஏழைக் குடும்பத்தின் மீது பங்கின் அதிகாரம் எத்தகைய பாரமாக அழுத்தும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ரோமிலும் சில மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன. 2019 மே மாதம் போப் பிரான்சிஸ், பாலியல் கொடுமை பற்றி அறியும் குருக்களும் துறவியரும் திருச்சபை அதிகாரிகளிடம் அதைத் தெரிவிப்பதைக் கடமையாக்கினார். அதே ஆண்டு டிசம்பரில் இத்தகைய வழக்குகளுக்கு இருந்த ‘போப்பின் இரகசியக் காப்பு’ விதி நீக்கப்பட்டது. வரவேற்கத்தக்கவையே. ஆனால் சபைக்குள் தெரிவிப்பது காவல்துறையில் தெரிவிப்பதற்கு மாற்றாகாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவு, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை. தமக்குக் கீழ் பணிபுரிபவரின் குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. ஆயர் இல்லத்திற்கு இதில் விலக்கு இல்லை.

“சிறுபான்மையினர் தாக்கப்படும் காலத்தில் இதைப் பேசலாமா?” என்று சில தோழர்கள் தயங்குகின்றனர். 2021 மார்ச்சில் ஜான்சியில் அருட்சகோதரிகள் ரயிலிலிருந்து இறக்கப்பட்டு அலைக்கழிக்கப்பட்டபோது இடதுசாரிகள் உரக்கக் கண்டித்தனர். அது சரியான நிலைப்பாடு. அதே அருட்சகோதரிகள் மடத்திற்குள் துன்புறும்போது மௌனம் காப்பது அந்த நிலைப்பாட்டையே பொய்யாக்கிவிடும். சங் பரிவாரத்தின் வெறுப்புப் பிரச்சாரத்திற்குத் தீனி போடுவது மூடிமறைக்கப்பட்ட குற்றமே. வெளிக்கொணரப்பட்ட உண்மை அல்ல. குறவிலங்காட்டுப் புகாருக்கும் கைதுக்கும் இடையே ஏறத்தாழ மூன்று மாதம் கடந்தது இடது முன்னணி ஆட்சியில்தான் என்பதையும் தோழர்கள் மறத்தலாகாது. வாக்கு வங்கிக் கணக்கு எங்கும் நுழையக்கூடும்.

ஆகவே கிளை உறுப்பினரின் கடமை தெளிவானது. பாதிக்கப்பட்டவர் வந்தால் முதலில் நம்பிக் கேட்க வேண்டும். பஞ்சாயத்துப் பேசுவதோ, பாதிரியாரை அழைத்துச் சமரசம் செய்வதோ கூடாது. குழந்தை எனில் 1098 எண்ணிற்கும் காவல்நிலையத்திற்கும் உடனே தெரிவிக்க வேண்டும். பெயரையும் ஊரையும் எங்கும் வெளியிடலாகாது. வழக்கு முடியும் வரை அக்குடும்பத்தின் வேலைக்கும் கல்விக்கும் துணை நிற்க வேண்டும். பிறழ்சாட்சியம் பிறப்பது அந்தத் துணை இல்லாத இடத்தில்தான்.

குற்றம் சாட்டப்பட்டவர் கட்சிக்காரராயினும் இதே அளவுகோல்தான். தன் வீட்டிற்கு ஒரு நீதி, ஆலயத்திற்கு வேறு நீதி என்று சொல்லும் இயக்கத்தை அந்தச் சிறுமியின் தாய் ஒருபோதும் நம்பி வரமாட்டாள், தோழர்களே!