ஏரிக்கு ஆறு பேர்

(நம் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அடுத்த மாதம் சங்கத்துக்குப் புதிய குழுக்கள் அமைய வேண்டும். விழாக் குழுவுக்குப் பெயர்கள் வந்துவிட்டன. தண்ணீர்க் குழுவுக்கு இதுவரை ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. அதனால்தான் இன்று ஓர் ஏரிக்கரை ஊரைப் பற்றிப் பேச வந்தேன்.

அந்த ஊர் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர். பல்லவர் காலத்திலேயே அங்கு பெரிய ஏரி இருந்தது. தந்திவர்மனின் பட்டப்பெயரால் அதற்கு வைரமேகத் தடாகம் என்று பெயர். ஏரி நிறைந்தால் வயல் விளையும், கிணறு ஊறும். வண்டல் படிந்தால் கொள்ளளவு குறையும். கரை உடைந்தால் ஊரே போகும். ஆகவே ஏரியைப் பார்த்துக்கொள்வது ஊரின் முதல் வேலைகளில் ஒன்று.

அந்த வேலையை யார் செய்வது? முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், ஊர்ச் சபை இதற்கு விதி வகுத்து வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டி வைத்தது. பள்ளியில் குடவோலை முறை என்று படித்திருப்பீர்கள். ஊரில் 30 குடும்புகள், அதாவது இன்றைய வார்டு போல. குடும்புக்கு ஒருவராக 30 பேரைக் குடத்திலிருந்து ஓலை எடுத்துத் தேர்ந்தார்கள். அதில் 12 பேர் சம்வத்சர வாரியம் என்ற ஆண்டுக் குழுவுக்கு, 12 பேர் தோட்ட வாரியத்துக்கு, 6 பேர் ஏரி வாரியத்துக்கு. பதவி 360 நாள்.

மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, ஓலையை எடுப்பவன் விவரம் அறியாத சிறுவன். அதை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்கி, எல்லோரும் கேட்கப் படிக்க வேண்டும். இரண்டு, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் போடக் கூடாது. மூன்று, ஆண்டுக் குழுவுக்கு வருபவர் முன்பே தோட்டத்தையோ ஏரியையோ பார்த்துக்கொண்டவராக இருக்க வேண்டும். முதலில் வேலை, பிறகு பெரிய பொறுப்பு.

அந்தச் சபையில் ஒரு குறையும் இருந்தது. நிலமும் வீடும் உள்ள, வேதம் கற்ற, 35 முதல் 70 வயது வரையுள்ள பிராமண ஆண்களுக்கு மட்டுமே அதில் இடம். வயலில் இறங்கி வேலை செய்தவர்களுக்கும் பெண்களுக்கும் இல்லை. அந்தப் பகுதியை நாம் விட்டுவிடுவோம். குழாயில் தண்ணீர் வராத காலையில் முதலில் சிரமப்படுவது வீட்டுப் பெண்களும், வாடகைக்கு இருப்பவர்களும், நம் வீடுகளில் வேலை செய்ய வருபவர்களும்தான். தண்ணீர்க் குழுவில் வாடகைதாரர்களுக்கும் பெண்களுக்கும் கட்டாயம் இடம் வேண்டும்.

நம் பக்கத்துக் கிராமங்களிலும் மதகைத் திறந்து வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் விட ஆள் உண்டு. நீர்க்கட்டி என்பார்கள்; எல்லை தாண்டினால் நீருகண்டி. தன் வயல், பிறர் வயல் என்று பார்க்காமல் பங்கிடுவதே அவர் வேலை.

நமக்கு ஏரி இல்லை. ஆனால் போர்வெல், சம்ப், மேல்தொட்டி, மழைநீர்க் குழி, லாரித் தண்ணீர் எல்லாம் இருக்கின்றன. பார்த்துக்கொள்ள ஆறு பேர் போதும். வாரம் ஒரு முறை போர்வெல் நீர்மட்டத்தைக் குறியுங்கள். வந்த லாரி எத்தனை, கொடுத்த பணம் எவ்வளவு என்று மாதக் கடைசியில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஐப்பசி மழைக்கு முன் மழைநீர்க் குழிகளைத் தூர்வாருங்கள். ஓராண்டு முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு அடுத்த ஆறு பேருக்கு இடம் விடுங்கள்.

பத்துக்கு மேல் பெயர் வந்தால் நாமும் குடத்தில் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வோம். முதலில் பெயர்கள் வரட்டும். சங்க அலுவலகத்தில் நோட்டு வைத்திருக்கிறோம். வரும் ஞாயிறுக்குள் எழுதிவிடுங்கள்.