விருந்து எழுத்தும் வீட்டு எழுத்தும்: பழைய கணினி அச்சுக்கோப்பில் ஒலிக்குறிகள்



யாருடைய நினைவாக இந்தச் சொற்பொழிவு ஆண்டுதோறும் நடக்கிறதோ, அந்தப் பதிப்பாசிரியர் மெய்ப்பில் ஒரு புள்ளி பிசகியிருந்தாலும் பக்கத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்று அவரிடம் வேலை பார்த்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் நினைவில் பேச அந்தப் புள்ளியைவிடப் பொருத்தமான பொருள் எனக்குத் தோன்றவில்லை. ரோமன் எழுத்துகளின் தலையிலும் காலிலும் வரும் புள்ளி, கோடு, கொக்கி, கூரை ஆகியவற்றை ஒலிக்குறிகள் என்கிறோம். இவற்றைப் பழைய கணினி அச்சுக்கோப்பு மென்பொருள் எப்படிக் கையாண்டது, எங்கே தடுக்கி விழுந்தது என்பதுதான் இன்றைய பேச்சு.

கஃபே என்ற பிரெஞ்சுச் சொல் எல்லோருக்கும் தெரியும். அதன் கடைசி எழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு உண்டு. ஈய எழுத்துக் காலத்துப் பாரிஸ் அச்சகத்தில் அந்தக் கோட்டோடு சேர்த்து வார்த்த எழுத்து தனியாக இருக்கும். அச்சுக்கோப்பவர் அதை எழுத்துப்பெட்டியின் ஓர் அறையிலிருந்து எடுத்துக் கோப்பார். அவரைப் பொறுத்தவரை அது ஓர் எழுத்து. எழுத்தும் கோடும் என்று இரண்டு பொருள்கள் அல்ல. நம் ஊரிலும் இது நடந்திருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைப் புரட்டிப் பாருங்கள். ஒவ்வொரு தலைச்சொல்லுக்கும் பக்கத்தில் அதன் ரோமன் வடிவம், ழகரத்துக்கும் றகரத்துக்கும் னகரத்துக்கும் அடிக்கோடு, ளகரத்துக்குக் கீழ்ப்புள்ளி, நெடிலுக்கு மேற்கோடு எல்லாவற்றோடும் வரிசையாக நிற்கும். ஈயத்தால் அது முடிந்தது. அரை நூற்றாண்டு கழித்து வந்த கணினியால் அது சுலபத்தில் முடியவில்லை என்பதுதான் வியப்பு.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் கனூத், 1977இல் தம் நூலின் இரண்டாம் தொகுதியுடைய மறுபதிப்புக்கு வந்த மெய்ப்பைக் கண்டு மனம் வெதும்பினார். முதல் பதிப்பு ஈயத்தில் கோத்தது, புதியது ஒளியச்சுக்கோப்பு. எழுத்தின் அழகு போய்விட்டிருந்தது. தாமே ஒரு மென்பொருள் எழுத உட்கார்ந்தார். அதுதான் டெக். அதற்கென்று கம்ப்யூட்டர் மாடர்ன் என்ற எழுத்துரு வரிசையையும் வரைந்தார். கணிதமும் அறிவியலும் படித்தவர்கள் எல்லோரும், பெயர் தெரியாவிட்டாலும், அந்த எழுத்தைப் பார்த்திருப்பார்கள்.

அந்த எழுத்துரு ஒவ்வொன்றிலும் 128 இடங்கள் மட்டுமே. காரணம் கஞ்சத்தனம் அல்ல. அவர் வேலை செய்த இயந்திரத்தில் நினைவகத்தின் ஓர் அலகு 36 பிட். 7 பிட் எழுத்துகள் ஐந்தை அதில் அடக்கலாம். ஏழு பிட்டில் எழுதக்கூடிய எண்கள் 128. ஆங்கில எழுத்து, எண், நிறுத்தற்குறி, கிரேக்கப் பேரெழுத்து எல்லாம் போக மிஞ்சிய சில இடங்களில் ஒலிக்குறிகளைத் தனித்தனியாக வைத்தார் கனூத். எழுத்து ஓர் இடத்தில், குறி வேறோர் இடத்தில். தேவைப்படும்போது இரண்டையும் ஒட்டிக்கொள்ள ஒரு கட்டளை.

அந்தக் கட்டளை வேலை செய்யும் விதம் உண்மையிலேயே அழகானது. குறியை முதலில் எழுத்தின் நடுவுக்கு நேராக நகர்த்தும். எழுத்து சாய்வானதாக இருந்தால் அந்தச் சாய்வுக்குத் தக்கபடி குறியையும் தள்ளி வைக்கும். எழுத்து வழக்கமான சிற்றெழுத்தைவிட உயரமானதாக இருந்தால், எத்தனை உயரம் கூடுதலோ அத்தனை அளவு குறியை மேலே தூக்கும். எந்தக் குறியையும் எந்த எழுத்தின் தலையிலும் வைக்கலாம். பிறர் பெயரைப் பிழையின்றி அச்சிட வேண்டும் என்பதில் கனூத்துக்கு இருந்த அக்கறை பெரிது. தம் நூல்களின் பெயரடைவில் ஆசிய அறிஞர்களின் பெயரை அவரவர் எழுத்திலேயே தந்தவர் அவர். ஹங்கேரியக் கணித மேதை எர்டோஷின் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஹங்கேரிய மொழியில் ஓகாரத்தின் மேல் இரண்டு புள்ளி வந்தால் குறில், இரண்டு சாய்கோடு வந்தால் நெடில். எர்டோஷ் பெயரில் வருவது நெடில். எத்தனையோ ஆங்கில இதழ்கள் புள்ளி வைத்துக் குறிலாக்கி அச்சிட்டன. கனூத் அந்த இரட்டைச் சாய்கோட்டுக்குத் தம் 128இல் ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்.

அப்படியானால் தடுமாற்றம் எங்கே? ஆங்கிலப் பக்கத்துக்கு நடுவே எப்போதாவது ஒரு வெளிநாட்டுப் பெயர் வரும். அதைச் சரியாக அச்சிட வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஒலிக்குறி எழுத்து அங்கே விருந்தாளி. ஆனால் மென்பொருளை இலவசமாக வாங்கிக்கொண்டு போன பிரெஞ்சுக்காரருக்கும் ஜெர்மானியருக்கும் செக் நாட்டவருக்கும் அது வீட்டு மனிதர். ஒரு நாள் வந்து போகிறவருக்குச் செய்யும் ஏற்பாடு, அன்றாடம் புழங்குகிறவருக்குப் போதாது. நான் சொல்ல வந்தது இதுதான். மற்றவை எல்லாம் இதன் விளைவுகள்.

முதல் விளைவு வரியின் கடைசியில் தெரிந்தது. டெக்கின் பெருமையே பத்தியை முழுதாகப் பார்த்து, தேவையான இடத்தில் சொல்லைச் சரியாக வெட்டி, வரிகளைச் சமமாக அமைப்பதுதான். ஒட்டுவேலை நடந்த சொல்லில் அந்தத் திறமை செயலிழந்தது. குறி வரும் இடத்துக்கு முன்புவரை சொல்லை வெட்டும். குறியைத் தாண்டினால் அது சொல்லின் பகுதியே அல்ல என்று விட்டுவிடும். முதல் அசையிலேயே ஒலிக்குறி வரும் பிரெஞ்சுச் சொற்கள் எத்தனை! அவை ஓரத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. அல்லது வரிக்குள் சொற்களுக்கிடையே பள்ளம் விழுந்தது.

வடிவத்திலும் குறை. ஜெர்மன் எழுத்துகளின் இரட்டைப் புள்ளி தலைக்கு மேல் அதிக உயரத்தில் மிதந்தது. அதைக் கீழே இறக்குவதற்கே ஜெர்மானியர்கள் தனி நிரல் எழுதினார்கள். செக் மொழியில் டகரச் சிற்றெழுத்துக்கு வரும் கொக்கி, அச்சில் மேற்கோள் குறிபோலப் பக்கத்தில் நிற்க வேண்டும். டெக் அதைத் தலையில் ஏற்றி வைத்தது. போலிஷ் மொழியில் சில உயிரெழுத்துகளுக்குக் காலடியில் ஒரு வால் உண்டு. அந்த வால் எழுத்துருவில் இல்லவே இல்லை. பிரெஞ்சு மேற்கோள் குறிகளும் இல்லை. கணிதக் குறியீட்டை எடுத்து வந்து நிறுத்திச் சமாளித்தார்கள்.

1989இல் ஸ்டான்ஃபோர்டில் கூடிய டெக் பயனர் மாநாட்டில் ஐரோப்பியர்கள் கனூத்திடம் நேரில் முறையிட்டார்கள். இனி மாற்றமே இல்லை என்று முடிவு கட்டியிருந்தவர், கேட்டதன் நியாயத்தை ஒப்புக்கொண்டு மீண்டும் நிரலைத் திறந்தார். 1990இல் வந்த மூன்றாம் பதிப்பு 256 எழுத்துகளை ஏற்றது. ஒரே ஆவணத்தில் பல மொழிகளின் சொல்வெட்டு விதிகளையும் ஏற்றது. அதே ஆண்டு அயர்லாந்தின் கார்க் நகரில் கூடிய மாநாடு, அந்த 256 இடங்களில் எந்தெந்த எழுத்து உட்கார வேண்டும் என்ற பட்டியலைத் தீர்மானித்தது. கஃபே எழுத்துக்கு அதில் 233ஆம் இடம். மறுபடி அது ஓர் எழுத்தாயிற்று. பட்டியல் எழுதுவது ஒரு மாநாட்டில் முடியும். ஒவ்வொரு எழுத்தையும் ஒவ்வொரு அளவிலும் வரைவது ஆண்டுக்கணக்கான வேலை. அந்தப் பட்டியல்படி அமைந்த ஈசி எழுத்துருக்கள் 1997இல்தான் வந்து சேர்ந்தன.

இதற்கிடையில் தட்டச்சு செய்த கோப்புகள் ஒரு தனித் தலைவலி. அதே கஃபே எழுத்துக்கு ஐபிஎம் கணினியில் எண் 130, மாக்கின்டாஷில் 142, லத்தீன்-1 தரத்தில் 233. லத்தீன்-1இல் எழுதிய கோப்பை மாக்கில் திறந்தால் சாய்கோடு எதிர்ப்பக்கம் சாய்ந்த பேரெழுத்து ஒன்று வந்து நிற்கும். பழைய ஐபிஎம் கணினியில் திறந்தால் கிரேக்கத் தீட்டா. கோப்பு பழுதாகவில்லை, எழுத்தும் தொலையவில்லை. எந்த அட்டவணைப்படி எழுதியது என்ற ஒரு வரித் தகவல்தான் கூட வரவில்லை.

கார்க் பட்டியலிலும் இடம் கிடைக்காதவர்கள் உண்டு. லாட்விய மொழி வெளியே நின்றது, லித்துவேனிய மொழி நின்றது, குறிக்கு மேல் குறி அடுக்கும் வியட்நாமிய மொழி நின்றது. நாமும் நின்றோம். தமிழை ரோமன் எழுத்தில் பெயர்க்கத் தேவையான கீழ்ப்புள்ளிகளும் அடிக்கோடுகளும் அதில் இல்லை. திருக்குறள் என்று ரோமன் எழுத்தில் அச்சுக்கோத்தால் றகரத்தின் அடிக்கோட்டுக்கு ஒரு கட்டளை, ளகரத்தின் கீழ்ப்புள்ளிக்கு ஒரு கட்டளை. மேலே வரும் குறியைவிடக் கீழே வரும் குறிக்குத் தண்டனை கடுமை. மேற்குறிக்கு முன்னாலுள்ள பகுதியையாவது டெக் வெட்டும். கீழ்க்குறியை அது எழுத்தோடு சேர்த்து ஒரு பெட்டியாக அடுக்கும். சொல்லின் நடுவே பெட்டி குறுக்கிட்டால் சொல்வெட்டு முழுதாக நின்றுவிடும். திருக்குறள் என்ற சொல்லை எந்த இடத்திலும் வெட்ட அது மறுத்துவிடும். கையால் ஒவ்வொரு சொல்லிலும் வெட்டுமிடம் குறித்துக்கொடுத்தால்தான் உண்டு. தமிழாய்வு நூலொன்றை அப்படி அச்சுக்கோத்த ஒவ்வொருவருடைய பொறுமைக்கும் இந்த மேடையிலிருந்து வணக்கம் சொல்லிக்கொள்கிறேன்.

யூனிகோடு 1993இலேயே நம் மூன்று அடிக்கோட்டு எழுத்துகளுக்கும் தனி எண் தந்துவிட்டது. எண் இருந்தால் எழுத்துருவில் வடிவம் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லையே! வெற்றுக் கட்டங்கள் வெகுகாலம் தொடர்ந்தன. கணினியில் நிறுவிய எந்த எழுத்துருவையும் நேரே எடுத்துக்கொண்டு யூனிகோடில் அச்சுக்கோக்கும் சீடெக் என்ற வாரிசை ஜொனாதன் கியூ 2004இல் வெளியிட்ட பிறகே திருக்குறளும் பிரெஞ்சுச் சொல்லும் ஒரே வரிசையில் அமர்ந்தன. டெக்கின் மேல் கட்டிய லேடெக் என்ற தொகுப்பு 2018இல்தான் யூனிகோடு கோப்பைச் சொல்லாமலே ஏற்றுக்கொள்ளும் இயல்பு பெற்றது.

இவையெல்லாம் பழங்கதை என்று யாரும் எண்ண வேண்டாம். ஒட்டுவேலையில் உருவான பிடிஎஃப் கோப்புகள் ஆய்வகங்களில் இன்னும் கிடக்கின்றன. திரையில் பெயர் சரியாகத் தெரியும், தேடினால் கிடைக்காது. உள்ளே எழுத்து ஒரு பக்கம், குறி ஒரு பக்கம். ஆனால் அதே ஆவணத்தின் மூலக்கோப்பு கையில் இருந்தால், ஒவ்வொரு குறியையும் கட்டளையாக நீட்டி முழக்கி எழுதிய அந்த அலுப்பான வழிதான் இன்று பிழையின்றி உயிர்க்கிறது. ஒவ்வோர் எழுத்தும் வெறும் ஆங்கில விசையில் தட்டியது. எந்தக் கணினியிலும் மாறாது. அட்டவணை தெரியாத 256 எழுத்துக் கோப்புகள்தான் சிக்கல்.

ஆகவே இங்குள்ள துறைத்தலைவர்களிடமும் நூலகர்களிடமும் ஒரு வேண்டுகோள். 1990களில் ரோமன் பெயர்ப்போடு எழுதிய தமிழ் ஆய்வேடுகளின் நெகிழ்வட்டுகள் உங்கள் அலமாரிகளில் இருக்கும். ஆய்வாளரே நண்பரிடம் சொல்லிச் செய்துகொண்ட எழுத்துருக்கள் அவற்றில் உண்டு. ழகரம் ஒன்றில் ஓர் எண், இன்னொன்றில் வேறு எண். ஆய்வேட்டுக் கோப்பை மட்டும் நகலெடுத்து வைக்காதீர்கள். எழுத்துருக் கோப்பையும் சேர்த்து எடுங்கள். ஆய்வாளர் இருக்கும்போதே அச்சிட்ட பக்கம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற பட்டியலைக் கேட்டு எழுதி வாங்குங்கள். இரண்டு தாளில் அடங்கிவிடும்.