மூடிக்கிடக்கும் படமாளிகை

சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டங்களை அடுத்துள்ள பட்டணங்களின் கடைவீதிகளிலே, இரும்புக் கதவில் துருவேறி, சுவரில் பாசி படர்ந்து நிற்கும் பழைய கட்டடங்கள் சிலவற்றைக் காணலாம். ஒன்று அரிசி மூடைகள் அடுக்கும் பண்டகசாலையாகியிருக்கும். மற்றொன்று பூட்டியபடியே கிடக்கும். சீட்டு விற்ற சிறு சாளரம் மட்டும் பழைய கதையைச் சொல்லும். ஒரு காலத்தில் அவை படமாளிகைகள்.

கடைகளும் படமாளிகையும் ஒரே கூரையின்கீழ் அமைவதை இக்காலத்தின் புதுமை என்பர். கொழும்பு பம்பலப்பிட்டியிலே பழைய மஜெஸ்டிக் படமாளிகை நின்ற இடத்தில், அதே பெயர் தாங்கிய பேரங்காடி எழுந்தது. அதனுள்ளேயே படம் காட்டவும் இடம் செய்தார்கள். ஆனால், தோட்டத்து மக்களுக்கு இந்த ஏற்பாடு புதியதன்று. அவர்களுக்குப் பட்டணத்துக் கடைவீதி முழுவதுமே ஒரு பேரங்காடி. சம்பளம் வாங்கிய பின்வரும் ஞாயிற்றுக்கிழமை, இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை, எட்டியாந்தோட்டை, தெகியோவிட்டை ஆகிய ஊர்களை நோக்கி மக்கள் மலைச்சரிவுகளில் இறங்கி வருவார்கள். மளிகைக் கடன் தீரும். பிள்ளைக்குச் சட்டைத்துணி வாங்கப்படும். அடகுக்கடையில் தோடு மீளும், அல்லது மறுபடி உள்ளே போகும். இவையெல்லாம் முடிந்து மடியில் மிஞ்சிய சில்லறை படமாளிகையின் கலரிச் சீட்டுக்கு உரியது.

அந்தச் சீட்டின் மதிப்பை அறிய, அதை வாங்கியவர் வாழ்ந்த வாழ்க்கையை அறிய வேண்டும். விடியுமுன் பிரட்டுக்குப் போக வேண்டும். கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பார். பின்னர் பெண்கள் கொழுந்து மலைக்கும், ஆண்கள் கவ்வாத்துக்கும், இறப்பர்த் தோட்டமாயின் பால்வெட்டுக்கும் போவார்கள். எங்கே நிற்பது, எப்போது கூடையை இறக்குவது என்பனவற்றையெல்லாம் பிறரே தீர்மானித்தனர். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. வாக்குரிமையும் அதனோடு போயிற்று. அப்படிப்பட்ட மனிதர் தம் விருப்பப்படி ஒன்றைத் தேர்ந்து, அதற்கு விலை கொடுத்து, தமக்குரிய இடத்தில் அமர்ந்த மண்டபம் அது. விளக்கணைந்த பின்னர் அங்கே துரையுமில்லை, கங்காணியுமில்லை.

திரைப்படக் கலை இம்மாகாணத்தின் வாசலுக்கே வந்ததும் உண்டு. குவாய் நதிப் பாலத்தைப் பற்றி டேவிட் லீன் இயக்கி 1957 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கிலப் படத்துக்காக, கித்துல்கலையில் களனி கங்கைக்குக் குறுக்கே மெய்யாகவே ஒரு மரப்பாலம் கட்டி, அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அப்படம் ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. ஆனால், தோட்டத்து மக்களின் உள்ளத்தை ஆண்டவை தமிழகத்திலிருந்து வந்த படங்களே. 1952 இல் வெளிவந்த 'பராசக்தி' இலங்கையிலும் நெடுநாள் ஓடியது. இரங்கூனில் வாழும் தமிழ்க் குடும்பம் போரினாற் சிதறுவதும், தாய்நாடு திரும்பிய இளைஞன் அங்கே ஏமாற்றப்பட்டு அலைவதும் அதன் கதை. கடல்கடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதைப் பார்த்துக் கண்ணீர் விட்டார்கள். அதே வழியில் தாமும் நடக்க நேரும் என்பதை அன்று அவர்களில் எவரும் அறிந்திலர்.

காவத்தைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வாழும் மூதாட்டி ஒருவரின் கதையை இங்கே சொல்லுதல் பொருந்தும். சிறு வயதில் அவரும் அவருடைய அக்காளும் தகப்பனாருடன் பட்டணத்துக்குப் படம் பார்க்கச் சென்றனர். படம் முடிய நேரமாகிவிட்டது. கடைசி பஸ்ஸும் போய்விட்டது. இறப்பர்க் காட்டினூடே சூள் பிடித்துக்கொண்டு மூவரும் நடந்தார்கள். வழியெல்லாம் அக்காள் கதையை மறுபடி சொல்லிக்கொண்டே வந்தாள். தங்கையோ பாதிப் படத்திலேயே தூங்கிவிட்டவள். ஆகையால் அவர் அறிந்த முடிவு திரையிற் கண்டதன்று. இருட்டிலே அக்காள் சொல்லக் கேட்டது.

1964 ஆம் ஆண்டில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை, ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. பின்னர் 1970 களில் அக்காள் கணவனோடு தலைமன்னாரிற் கப்பலேறினாள். தங்கை இங்கேயே நின்றாள். தாயகம் திரும்பியோருக்கென 1968 இல் தொடங்கிய தேயிலைத் திட்டத்தின் வழியே, அக்காளுக்கு நீலகிரியில் மீண்டும் கொழுந்துக் கூடையே கிடைத்தது. இன்று தொலைபேசியில் இருவரும் பேசும்போது, நோய்நொடி விசாரித்து முடிந்ததும் அந்தப் படத்தின் பேச்சு வந்துவிடும். "அந்தக் கொட்டகை இன்னும் இருக்கா?" என்பது அக்காளின் கேள்வி. "இருக்கு அக்கா" என்பது தங்கையின் விடை. பூட்டிக் கிடக்கிறது என்பதை அவர் இன்றுவரை சொல்லவில்லை.

படமாளிகைகள் ஏன் மூடப்பட்டன என்று கேட்டால், தொலைக்காட்சி வந்தது என்று ஒரே சொல்லிற் பலர் முடித்துவிடுவார்கள். அதில் உண்மையுண்டு. 1982 இல் ரூபவாகினி ஒளிபரப்பைத் தொடங்கியது. தோட்டங்களிலே பணம் சேர்த்து, தொலைக்காட்சிப் பெட்டியும் வீடியோ டெக்கும் ஓரிரவு வாடகைக்கு எடுத்து, இலயத்து முற்றத்தில் விடியும்வரை படம் பார்க்கும் வழக்கம் தோன்றியது. அதற்கு முன்னரே, 1972 முதல் படங்களின் இறக்குமதியும் விநியோகமும் அரசாங்கத் திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு மாறின. தமிழகப் படங்களின் வரவு சுருங்கியது. அவிசாவளைக்கு அப்பால் இரத்தினபுரி வழியாக ஓப்பநாயக்கை வரை சென்ற சிற்றிரயிற்பாதை 1976 இல் மூடப்பட்டது.

ஆயினும், இவற்றுக்கெல்லாம் மேலான காரணம் ஒன்றுண்டு. பார்ப்பதற்கு இருந்த மக்களே குறைந்துபோனார்கள். குடும்பங் குடும்பமாகக் கப்பலேறியோர் ஒருபுறம். 1977 ஆம் ஆண்டுக் கலவரமும், 1981 ஆகஸ்டில் இறக்குவானை, காவத்தை முதலிய பகுதிகளைத் தாக்கிய வன்செயலும், வவுனியாப் பக்கத்துக்கு ஓட்டிச் சென்றோர் மறுபுறம். 1983 ஜூலையில் வத்தளைக்கு அருகே எந்தளையிலிருந்த விஜயா படப்பிடிப்பு நிலையமும் தீக்கிரையாயிற்று. பட்டணத்தில் இரவுக் காட்சி பார்த்துவிட்டு அச்சமின்றி நடந்து வரலாம் என்ற நம்பிக்கை போன பின்பு, படமாளிகைக்குக் கதவு இருந்தென்ன, இல்லாதிருந்தென்ன?

இழந்தவற்றுள் மற்றொன்றையும் சொல்ல வேண்டும். அந்த மண்டபத்திலே சிங்களக் கிராமத்தவரும் தோட்டத்துத் தமிழரும் அருகருகே அமர்ந்தார்கள். மொழி விளங்காதவருக்குப் பக்கத்திலிருந்தவர் கதை சொன்னார். சிரிப்புக்கும் அழுகைக்கும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. பெட்டியைச் சூழ்ந்து வீட்டுக்குள் அமர்ந்த காலத்தில், அந்த அயலிருக்கை இல்லாமற் போயிற்று.

தோட்டத்து வாழ்வே திரையிலேறியதும் உண்டு. 1963 இல் 'தோட்டக்காரி' வந்தது. தொழிற்சங்கத் தலைவர் வீ. பி. கணேசன் தயாரித்த 'புதிய காற்று' 1975 இல் வந்தது. தம்மைப் போன்றவர் பேசுவதைத் தாமே காசு கொடுத்துப் பார்த்த மகிழ்ச்சியைச் சொல்லக்கூடிய முதியோர் இன்னும் சிலர் இலயங்களில் இருக்கிறார்கள். அவர்கள் நெடுங்காலம் இருக்கப்போவதில்லை.

ஆகவே, நேயர்களே, பழைய படமாளிகைகளைத் திறந்துவிட வேண்டும் என்பதன்று இங்கே வேண்டுவது. வீட்டிலிருக்கும் பாட்டனையோ பாட்டியையோ ஒரு மாலைப்பொழுது அருகே அமர்த்தி, அவர்கள் முதன்முதல் எந்தப் படம் பார்த்தார்கள், யாருடன் போனார்கள், எவ்வழியே திரும்பினார்கள் என்று பிள்ளைகள் கேட்டு எழுதி வைக்கலாம். படத்தின் பெயரில் தொடங்கும் பேச்சு, அன்று உடன் நடந்தவர்களின் பெயர்களில் வந்து நிற்கும். அந்தப் பெயர்கள் எந்தச் செக்றோலிலும் இனி இருக்கமாட்டா. ஒரு பள்ளிக் கொப்பியிலாவது அவை இருக்கட்டும்.