காற்றோட்டமும் காசநோயும்



காசநோயைப் பரம்பரை நோயென்று கருதுவோர் நம்மிடையே இன்றும் உளர். தந்தைக்கு இருந்தது, மகனுக்கு வந்தது, பேரனையும் பற்றியது என்று அவர்கள் சான்று காட்டுவர். ஆனால், இந்நோய் ஒருவகைக் கிருமியால் உண்டாவது என்பதை ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக் 1882 ஆம் ஆண்டிலேயே மெய்ப்பித்துவிட்டார். தந்தைக்கும் மகனுக்கும் பொதுவாக இருந்தது, இருவரும் படுத்துறங்கிய அறையின் காற்றேயாகும்.

நோயாளி இருமும்போதும் உரக்கப் பேசும்போதும் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளிகள் வெளிப்படுகின்றன. அவற்றுள் மிகச் சிறியவை தரையில் விழாமல் மணிக்கணக்கில் மிதக்கும். பால்மரக் காட்டில் நிரை பிடித்து மரம் சீவும்போது அவற்றைக் காற்று கலைத்துவிடுகிறது. வெயிலும் கிருமியைக் கொல்கிறது. பகலில் நம்மைக் காக்கும் காற்று, இரவில் வீட்டுக்குள் நுழைய வழியின்றிப் போவதே தொல்லை.

பழைய லயங்கள் ஒரே கூரையின்கீழ், வீட்டுக்கு வீடு சுவர் பொதுவாகக் கட்டப்பட்டவை. குடும்பம் பெருகியபோது பலர் முன்வராந்தாவைப் பலகையடித்து மறைத்து ஓர் அறையாக்கிக் கொண்டனர். பின்புறம் தகரம் இறக்கிச் சமையற்கட்டை நீட்டினர். இடம் கிடைத்தது உண்மையே. ஆயின், நடு அறையின் சன்னல் வெளியைப் பார்ப்பது போய் இன்னோர் அறையைப் பார்க்கலாயிற்று. விடியுமுன் எழவேண்டியவர்கள் முன்னிரவிலேயே படுப்பர். கொசுவுக்கும் பனிக்கும் அஞ்சி எஞ்சிய சன்னலையும் அடைத்துக்கொள்வர். அங்கே அறுவர் எழுவர் இரவு முழுதும், ஒருவர் விட்ட மூச்சையே மற்றவர் வாங்குகின்றனர். கொசுவுக்கு வலை இருக்கிறது. சன்னலை அடைக்க வேண்டா. வெளிநாடுகளிலிருந்து வந்து ஒரே வீட்டில் வரிசையாகப் படுத்துறங்கும் தொழிலாளர்க்கும் இதே நிலைதான். நோயைக் கொண்டுவந்தவர்கள் என அவர்களை ஏசுவது நியாயமன்று.

வேடிக்கை என்னவெனில், நோயாளிக்குத் தனித்தட்டும் தனிக்குவளையும் ஒதுக்கும் வீட்டிலேயே, அவர் அருகில் கைக்குழந்தை உறங்குவதுண்டு. தட்டினாலும் துணியினாலும் இந்நோய் பரவுவதில்லை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளையோ இது கடுமையாகத் தாக்கக்கூடும்.

அப்படியானால், நோயாளியை வீட்டைவிட்டே அகற்றுவதா? அதுவும் வேண்டா. 1956 ஆம் ஆண்டில் சென்னையில் ஓர் ஆய்வு தொடங்கிற்று. நோயாளிகளுள் ஒரு பிரிவினர் சானடோரியத்தில் நல்லுணவும் ஓய்வும் பெற்றனர். மற்றவர்கள் தம் நெரிசலான வீடுகளிலேயே இருந்து மருந்துண்டனர். ஓராண்டுச் சிகிச்சைக்குப் பின் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர். வீட்டில் இருந்தோரின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. மருந்து தொடங்குமுன் கழியும் வாரங்களிலேயே தொற்று பெரும்பாலும் நிகழ்ந்துவிடுகிறது. மருந்து உடலில் சேரச்சேர, பிறருக்குத் தொற்றும் தன்மை விரைவில் குறைகிறது.

ஆகவே, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தாலோ, மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு கண்டாலோ, அரசாங்கச் சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் ஒருநாளும் தாமதிக்கலாகாது. வழக்கமான சிகிச்சை ஆறு மாத காலமாகும். இருமல் நின்றதும் மருந்தை நிறுத்துவோர் உடலில், மருந்துக்கு அடங்காத கிருமி வளரக்கூடும்.

வீட்டைப் பொறுத்தவரை, தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரத்தை 1990 ஆம் ஆண்டின் 446 ஆம் சட்டம் விதிக்கிறது. சன்னல் திறக்கவில்லையெனில், கூரை ஒழுகுகிறதெனில், நிருவாகத்திடம் எழுத்துமூலம் கேளுங்கள். பயனில்லையேல் தொழிற்சங்கத்தின் வாயிலாகத் தொழிலாளர் இலாகாவிடம் முறையிடலாம். அதன் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மறைத்த வராந்தாவின் மேற்புறத்தில் ஒரு முழம் பலகையைக் கழற்றிவிட்டுக் கம்பிவலை அடிக்க, ஓர் ஓய்வுநாள் போதும்.