நடுராத்திரியானாலும் அம்மாவைக் கூப்பிடு



நம்மில் பலர் குழுக் கடன் வாங்குவதே பிள்ளைங்க காலேஜ் பீஸுக்குத்தான். நானும் அப்படித்தான் என் மகனைச் சேர்த்தேன். "குடிச்சேன்னு தெரிஞ்சா வீட்டுப் படி ஏறாதே" என்று சொல்லி ஹாஸ்டலுக்கு அனுப்பினேன்.

போன வருஷம் அவன் அறையில் இருந்த பையன் குடித்துவிட்டு மயங்கிக் கிடந்தான். விஷயம் வீட்டுக்குத் தெரிஞ்சிடுமோ என்ற பயத்தில் இவன் யாருக்கும் போன் பண்ணவில்லை. வாயில் மோரை ஊற்றி, தலையில் தண்ணீர் விட்டு, விடிய விடிய உட்கார்ந்திருக்கிறான். அந்தப் பிள்ளை பிழைத்தது யார் செய்த புண்ணியமோ!

மோர், எலுமிச்சை, பச்சைத் தண்ணீர் எதுவும் போதையை இறக்காது. மயங்கினவங்க வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைக்கணும். இல்லையென்றால் வாந்தி மூச்சுக்குழாயை அடைத்துவிடும். தனியாக விடாமல், உடனே 108-ஐக் கூப்பிடணும். நம் தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவர்களுக்கு மது விற்கக் கூடாது என்பது சட்டம். விற்றால் நாம் சேர்ந்து போய்க் கேட்போம்.

இப்போது மகனிடம் சொல்லியிருக்கிறேன்: "குடிக்காதே கண்ணு. ஆனா எது நடந்தாலும், நடுராத்திரியானாலும் அம்மாவைக் கூப்பிடு. திட்டுறதை நாளைக்கு வெச்சுக்கலாம்."

நீங்களும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.